எஃப்-150 மைலேஜ் பதிவு: ஸ்டிக்கரில் 18, கையில் 15

வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப். நாலு கதவு சூப்பர்க்ரூ, ஃபோர் வீல் டிரைவ், 5.0 லிட்டர் வி8, 10 கியர் ஆட்டோமேட்டிக். இந்த வண்டிக்கு இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை) மைலேஜ் ஸ்டிக்கரில் போட்டிருப்பது கேலனுக்கு ஊருக்குள் 16 மைல், ஹைவேயில் 22, இரண்டையும் சேர்த்து 18. நம்மூர்க் கணக்கில் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் சொச்சம். (அப்பாவிடம் போனில் ‘ஏழரை’ என்று சொன்னால் அவர் வேறு ஏழரையை நினைத்துக்கொள்கிறார்.) பழைய வண்டியாக வாங்கி ஓட்டியதில் எனக்குக் கிடைத்தது 14.6. வீடு ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில். என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் ஹைவேதான், அதனால் 18-க்கு மேலேயே வந்திருக்க வேண்டும்.

முந்தைய ஓனர் ஒஹாயோக்காரர், ரசனையுள்ள மனிதர். முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கும் லெவலிங் கிட், கல், மண் பாதைக்கான தடித்த ஆல்-டெரெய்ன் டயர், பம்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் ஏர் டேமைக் கழற்றிப் போட்ட முகம் என்று அழகாகத்தான் வைத்திருந்தார். வண்டி நிற்கும்போது பார்க்க கம்பீரமாக இருக்கும். ஓடும்போது அந்தக் கம்பீரத்துக்கு பில் கட்டுவது நான்.

பெரிய பிக்கப் வைத்திருக்கும் நாலு பேரிடம் மைலேஜ் கேட்டால் நாலு பதில் வரும். டல்லாஸில் இருக்கும் நண்பன் அதே இன்ஜினை வைத்துக்கொண்டு, ‘மச்சி, எனக்கு 21 காட்டுதுடா’ என்கிறான். பக்கத்துத் தெருக்காரர் 13 என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பார்ப்பது டேஷ் திரையை, இன்னொருவர் பார்ப்பது பம்ப் ரசீதை. ஒருவர் மணிக்கு 65 மைலில் போகிறார், இன்னொருவர் பள்ளி வாசலில் ஏ.சி. போட்டு நிற்கிறார். எனவே எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளவை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று தொடங்கினேன்.

அளவு சரியா?

கம்பெனி டயர் 275/65ஆர்18. வண்டியில் இருந்தது 275/70ஆர்18. கணக்குப் போட்டால் கம்பெனி டயரின் விட்டம் 32.1 அங்குலம், இது 33.2. டயர் பெரிசானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். ஓடோமீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான், தூரத்தை அல்ல. ஆக வண்டி ஓடிய தூரத்தில் 3 சதவீதத்துக்கு மேல் கணக்கிலேயே வரவில்லை. மைலேஜ் குறைவாகத் தெரிந்ததில் ஒரு பங்கு இதுதான்.

காகிதக் கணக்கோடு நிற்காமல் ஐ-10 ஹைவேயில் மைல் பலகைகளை வைத்துச் சரிபார்த்தேன். ஒரு மைலை மட்டும் பார்த்தால் போதாது, பலகை நட்ட இடத்தில் நாலடி முன்பின் இருக்கலாம். 20 மைல் தொடர்ந்து பார்த்தேன். ஓடோமீட்டர் காட்டியது 19.4. ஜி.பி.எஸ்-உம் பலகைகளின் 20 மைலையே சொன்னது. காகிதத்தில் வந்த 3.4 சதவீதம் சாலையில் 3.1 ஆக நின்றதற்குக் காரணம், டயர் பாதி தேய்ந்திருந்தது.

இதைச் சரிசெய்ய ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. லேப்டாப், ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டிக் கணினியோடு பேசுவதற்கு உள்ள ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் அடாப்டர், இரண்டும் போதும். வண்டியின் பாடி கணினிக்குள் டயரின் சுற்றளவு மில்லிமீட்டரில் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கும், அதை மாற்றி எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் இருக்கும் எல்லா எண்களையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்குச் சார்ஜரையும் மாட்டிவிடுங்கள். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் தலைவலி. இதெல்லாம் வேண்டாம் என்றால் டீலரிடமே செய்துகொள்ளலாம்.

எழுதி முடித்து அதே 20 மைலை மறுபடி ஓட்டினால் கோடு போட்டாற்போல 20.0. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் 14.6 என்பது 15.0 ஆனது.

அடுத்தது பம்ப். பம்ப்பில் ஏமாற்றுகிறார்கள் என்பது பலருடைய முதல் சந்தேகம். அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கும் பம்ப்புக்கு அனுமதிக்கப்படும் பிழை 5 கேலனுக்கு 6 கன அங்குலம். ஒரு கேலன் என்பது 231 கன அங்குலம், ஆக பிழை அரை சதவீதம்தான். நமக்குப் பிரச்சினை நாசில் எப்போது ‘டக்’ என்று நிற்கிறது என்பதில். வண்டி சாய்ந்து நின்றால், வேகமாக அடித்தால், சீக்கிரம் நின்றுவிடும். பிக்கப் டேங்க் பெரிசு. 20 கேலன் அடிக்கும்போது அரை கேலன் முன்பின் ஆனால் 2.5 சதவீதம் பிழை, அதாவது பின்னால் டயர் மாற்றிக் கிடைத்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே மறைந்துபோகும். ஒரே பம்ப், ஒரே திசை, முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பல டேங்க் ஓட்டி, மொத்த மைலை மொத்த கேலனால் வகுத்தேன். ஒரே டேங்கை வைத்து ‘இரண்டு மைல் கூடிடுச்சு’ என்று குதிப்பதில் அர்த்தமில்லை.

டேஷ் திரையில் வரும் எண் வேறு சங்கதி. வண்டி எரிபொருளை அளந்து ஊற்றுவதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து மதிப்பிடுகிறது. எந்த கம்பெனி வண்டியானாலும் அது பம்ப் கணக்கோடு அச்சாக ஒத்துப்போகாது. ஆனால் ‘நேற்றைவிட இன்று எப்படி’ என்று ஒப்பிட அந்த மதிப்பீடு நல்ல துணை. பின்னால் வேகச் சோதனைக்கு அதைத்தான் பயன்படுத்தினேன், பம்ப் கணக்கை வைத்துத் திருத்தி.

நோட்டில் எழுதும்போது கேலனுக்கு எத்தனை மைல் என்பதோடு 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதையும் எழுதினேன். 2013 மாடல்களிலிருந்து இ.பி.ஏ. ஸ்டிக்கரிலேயே இந்த எண்ணும் இருக்கிறது, சின்ன எழுத்தில். பெரிய வண்டிக்கு இதுதான் நேர்மையான கணக்கு. 30 மைல் தரும் காரை 40-க்கு மாற்றினால் ஆயிரம் மைலுக்கு மிச்சமாவது 8 கேலன் சொச்சம். 14 தரும் பிக்கப்பை 18-க்குக் கொண்டுவந்தால் மிச்சம் 16 கேலன். பார்க்க நாலு மைல்தான், பணம் இரண்டு மடங்கு. என் கணக்கு அப்போது 100 மைலுக்கு 6.67 கேலன். ஸ்டிக்கர்படி 5.6-க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

உருட்டிப் பார்ப்பது

ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேங்க் டேங்காக ஓட்டிக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். அதற்கிடையில் ஒரு குறுக்கு வழி உண்டு. சமதளமான சாலையில் 70-க்கு மேல் போய், நியூட்ரலில் போட்டு, 70-இலிருந்து 60-க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. காற்று, டயர், பிரேக், பேரிங் என வண்டியைப் பின்னால் இழுப்பவை எல்லாம் சேர்ந்து அந்த நொடியில் தெரிந்துவிடும். இரு திசையிலும் செய்து சராசரி எடுத்தால் காற்றும் மேடுபள்ளமும் ஓரளவுக்கு அடிபட்டுப் போகும். ஞாயிறு விடியலில், பின்னால் யாரும் வராதபோது மட்டும். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது டெக்சஸ் சட்டப்படி தப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்தும்கூட.

முதல் அளவு 9 நொடி. இவ்வளவு கனமான வண்டிக்கு இது குறைவு என்று பட்டது. எங்கேயோ ஏதோ பிடிக்கிறது.

வலது முன் சக்கரம்

ஹைவேயில் அரைமணி ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருட்டியே ஓரம்கட்டி, அகச்சிவப்பு தெர்மாமீட்டரால் நாலு பிரேக் டிஸ்க்கையும் பார்த்தேன். மூன்று சக்கரம் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருந்தது. வலது முன் சக்கரம் மட்டும் 240. கையைக் கிட்டக் கொண்டுபோனாலே அனல் அடித்தது.

2015-லிருந்து எஃப்-150-க்கு உடம்பு அலுமினியம். ஒஹாயோவில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த உடம்பை ஒன்றும் செய்யவில்லை, வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. சேஸியும் பிரேக் சாமான்களும் இரும்பு. உப்பு அங்கேதான் வேலையைக் காட்டியிருக்கிறது.

வீட்டு முற்றத்தில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கைக் கையால் சுற்றினால் இடது பக்கம் சுற்றும் அளவுக்கு வலது பக்கம் சுற்றவில்லை. ‘ஸ்ஸ்’ என்று உரசிக்கொண்டே நின்றது. பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் எடுத்து, காலிப்பரை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். ஹோஸில் தொங்கவிடக் கூடாது, உள்ளே கிழியும். இந்த வகைக் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். பிஸ்டன் இருப்பது ஒரு பக்கம் மட்டும், காலிப்பர் நகர்ந்தால்தான் வெளிப்பக்க பேடும் சேர்ந்து பிடிக்கும், விடும்.

கீழ்ப் பின் இரண்டு விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. மேல் பின் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, வைஸ் கிரிப்பால் முறுக்கி முறுக்கித்தான் வெளியே எடுத்தேன். ரப்பர் உறையில் நகக்கண் அளவு கிழிசல். அது வழியாகத் தண்ணீர் இறங்கி, கிரீஸ் இருந்த இடத்தில் காபித் தூள் நிறத்தில் பொருக்கு. உள்பக்க பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, வெளிப்பக்கம் பாதிக்கு மேல் மிச்சம். ஸ்லைடு பின் பிடித்துக்கொண்டால் பேட் இப்படித்தான் ஒரு பக்கமாகத் தேயும். பேடை மட்டும் மாற்றி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கதைதான்.

மாற்றியது ஸ்லைடு பின், ரப்பர் உறை, இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பேட். பின்களுக்குப் பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டுமே. சாதா கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகிவிடும். சக்கர நட்டுகளை 150 அடி-பவுண்டு டார்க்கில் இறுக்கி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்த்தேன். வெப்பம் நாலு சக்கரத்திலும் ஒன்றாகிவிட்டது. உருட்டும் நேரம் ஒன்பதரை நொடி ஆனது, மைலேஜ் 15.0-இலிருந்து 15.6. சொல்லப்போனால் மைலேஜ் இங்கே இரண்டாம் பட்சம். இந்த நிலையில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு மலை இறக்கத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

மூக்கை இறக்கியது

பம்பருக்குக் கீழே தரையை நோக்கித் தொங்கும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையைப் பலர் அழகுக் குறைச்சலாக நினைக்கிறார்கள். காட்டுப் பாதையில் கல்லில் இடிக்கும் என்பதால் கழற்றுகிறவர்களும் உண்டு. அதன் வேலை, காற்று வண்டிக்கு அடியில் புகாமல் பக்கவாட்டில் திருப்புவது. அடியில் ஆக்சில், சைலன்சர், ஸ்பேர் டயர் என்று ஆயிரம் முட்டுக்கட்டை. அங்கே காற்று நுழைந்தால் அதைக் கலக்கிக்கொண்டு போகவே பெட்ரோல் செலவாகும். லெவலிங் கிட் வேறு மூக்கைத் தூக்கி வைத்தால் நுழைவாசல் இன்னும் பெரிசு.

ஏர் டேம் பழைய உதிரிபாக யார்டில் கிடைத்தது. மாட்டும் இடங்கள் எல்லாம் வண்டியில் அப்படியே இருந்ததால் கிளிப்பும் போல்ட்டும் புதிதாக வாங்கி நானே மாட்டினேன். லெவலிங் கிட்டை எடுப்பதைக் கடையில் கொடுத்தேன். முன் ஸ்ட்ரட்டுக்கு மேலே வைத்த ஒரு தடித்த வில்லைதான் அது, எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் எடுத்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும், அந்த மெஷின் என்னிடம் இல்லை. இரண்டும் முடிந்தபின் உருட்டும் நேரம் 10 நொடியைத் தாண்டியது. மைலேஜ் 16.2.

டயர்

இதில்தான் நிறைய தயங்கினேன், ஏனென்றால் இருந்த டயரில் பாதி மிச்சம் இருந்தது. ஆல்-டெரெய்ன், அதுவும் எல்.டி. (லைட் டிரக்) வகை, லோட் ரேஞ்ச் இ. பத்து பிளை உறுதி. மாதம் இரண்டு முறை கல் பாதையில் போகிறவர்களுக்கு அது தேவை. எச்-இ-பி கடைக்கும் டெக்கர் லேக் ரோடு கோயிலுக்கும் போகிற எனக்கு எதற்கு? குளியலறை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். சக்கரத்தோடு சேர்த்து, புதிதாக வாங்கிய சாதாரண ஹைவே டயரைவிட ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 பவுண்டு கூடுதல். கனம் சிக்னலுக்கு சிக்னல் தெரியும். அந்தத் தடித்த சுவரும் கட்டைகளும் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும்போது போகும் சக்தி எல்லா நேரமும் தெரியும்.

பழைய டயர்களை ஒரு பண்ணைக்காரரிடம் விற்றுவிட்டு, கம்பெனி அளவிலேயே ஹைவே டயர் போட்டேன். காற்று, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள 35 பிஎஸ்ஐ, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்த்தது. 45 வைத்தால் மைலேஜ் கூடும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், மழையில் காலி பிக்கப்பின் பின்பக்கம் வழுக்கிப் பார்த்தவர்கள் செய்ய மாட்டார்கள். ஃபோர்ஸ்கேனில் சுற்றளவைப் பழைய எண்ணுக்கே திருப்பி எழுதினேன். இதை மறந்தால் இப்போது ஓடோமீட்டர் அதிகம் எண்ணும், மைலேஜ் சும்மா கூடினது போலத் தெரியும்.

உருட்டும் நேரம் 11 நொடிக்குப் பக்கம், மைலேஜ் 17.3. மொத்தப் பதிவிலேயே ஒரே மாற்றத்தில் அதிகம் கிடைத்தது இதில்தான். 100 மைலுக்கு 6.67 கேலன் என்றிருந்தது 5.78-க்கு வந்தது. வருஷத்துக்கு 12,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்தால் 320 டாலர் மிச்சம். டயர் விலையை இதில் கழித்தால் மூன்று வருஷக் கணக்கு ஆகிவிடும். மைலேஜுக்காக நல்ல டயரைத் தூக்கிப் போடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். தேய்ந்து மாற்றும் நேரம் வரும்போது எதை வாங்குகிறோம் என்பதில் கவனம் வைத்தால் போதும்.

85 மைல் சாலையில் 65

ஆஸ்டினுக்குத் தெற்கே மஸ்டாங் ரிட்ஜிலிருந்து செகீன் வரை எஸ்.எச். 130 டோல் சாலையில் ஏறக்குறைய 41 மைல் தூரத்துக்கு வேக வரம்பு 85. அமெரிக்காவிலேயே அதிகம் இதுதான். போக்குவரத்து குறைவு, நேர்ப்பாதை, பெரிய மேடில்லை. வேகச் சோதனைக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் க்ரூஸ் போட்டு, போய் வந்து, ஒவ்வொரு வேகத்துக்கும் இரு திசைச் சராசரி. 85 சாலையில் வலது ஓரம் 65-இல் போனால் சரக்கு லாரிக்காரர்கள் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறார்கள்.

65-இல் 100 மைலுக்கு 4.5 கேலன். அதாவது கேலனுக்கு 22 மைலுக்கு மேலே, ஸ்டிக்கரின் ஹைவே எண்ணைத் தொட்டாயிற்று. 70-இல் 4.8. 75-இல் 5.3. 80-இல் 5.7-ஐத் தாண்டியது. 85-இல் 6.3, கேலனுக்கு 16 மைல்கூட இல்லை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 65-க்கும் 85-க்கும் இடையில் அது மட்டும் 1.7 மடங்கு. டயரின் இழுப்பு அந்த அளவுக்கு ஏறாததாலும், பாரம் கூடும்போது இன்ஜின் கொஞ்சம் சிக்கனமாக வேலை செய்வதாலும் மொத்தச் செலவு 40 சதவீத ஏற்றத்தோடு நிற்கிறது. அந்த 41 மைலில் 85-இல் போனால் மிச்சமாகும் நேரம் 9 நிமிடம், கூடுதலாக எரிவது முக்கால் கேலன்.

அவசரத்துக்குப் போவதை யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் நான் வழக்கமாக 80-இல் போய்க்கொண்டிருந்தவன், சும்மா 72-க்கு இறங்கினேன். மைலேஜ் 18.1. ஏர் டேம், லெவலிங் கிட் வேலை இரண்டும் சேர்ந்து கொடுத்ததைவிட இது அதிகம், செலவும் இல்லை.

ஸ்டிக்கரைத் திட்டுகிறவர்களுக்காக ஒன்று. இ.பி.ஏ. சோதனை சாலையில் நடப்பதல்ல, உருளை மேல் வண்டியை ஏற்றி, வரைந்து வைத்த வேகக் கோட்டின்படி ஓட்டுவது. ஹைவே சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்சம் 60. 2008 மாடல்களிலிருந்து 80 வரை போகும் முரட்டு ஓட்டம், 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஏ.சி. ஓட்டம், 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் ஓட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் எண் முன்னைவிட நிஜத்துக்கு அருகில் வந்தது. ஆனாலும் மணிக்கணக்கில் 80-இல் ஒரே சீராகப் போகும் டெக்சஸ் ஓட்டம் அதில் இல்லை. சின்ன காருக்கு இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். செங்குத்தாக நிற்கும் பிக்கப் முகத்துக்கு அதுதான் மைலேஜ்.

எதிர்க்காற்று

குடும்பத்தோடு பாலோ டூரோ பள்ளத்தாக்கு பார்க்க அமரில்லோ போனோம். விச்சிட்டா ஃபால்ஸிலிருந்து யு.எஸ். 287-இல் 225 மைல், க்ரூஸ் 70, முகத்துக்கு நேரே காற்று. முப்பந்தல் வழியாக ஆடி மாதத்தில் பைக் ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்று புரியும். கேலனுக்கு 15 மைல்தான் வந்தது. திரும்பும்போது காற்று பின்னாலிருந்து, பாதி வேகத்தில். 22 வந்தது.

போகும்போது மேடும் உண்டு, அமரில்லோ விச்சிட்டா ஃபால்ஸைவிட 2,600 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 6,000 பவுண்டை அவ்வளவு தூக்க இன்ஜின் திறனையும் சேர்த்துப் பார்த்தால் 0.6 கேலன் ஆகும். காற்றில்லாமல் 70-இல் 11 கேலனில் முடிய வேண்டிய தூரத்துக்கு 15 கேலன் ஆனது. மேடு தின்றது போக மீதி மூன்றரை கேலன் காற்றுக்கு. இதை அறியாமல் அன்றைக்கு ஏதாவது புது ஃபில்டர், எண்ணெய், மாயத் திரவம் போட்டிருந்தால் திரும்பும் வழியில் அதற்குத்தான் புகழ் போயிருக்கும்.

போக வர சராசரி 15-க்கும் 22-க்கும் நடுவில் 18.5 என்று போடக் கூடாது. கேலனைக் கூட்டி வகுத்தால் 17.8.

நின்றுகொண்டே எரிப்பது

ஐட்லிங்கில் ஏ.சி.யோடு மணிக்கு 0.6 கேலன் என்று ஓ.பி.டி. காட்டுகிறது. பிள்ளைகளை அழைக்கப் பள்ளி வரிசையில் தினம் 20 நிமிடம் நின்றால் வாரத்துக்கு ஒரு கேலன், ஓடிய தூரம் சைபர். சிக்னலில் தானாக இன்ஜினை நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் டெக்சஸ் கோடையில் ஏ.சி. கம்ப்ரசர் ஓட வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் வேலை செய்ய வருவதில்லை. ஜூலை மாத ஊர் ஓட்டத்தில் 13-ஐத் தாண்டவில்லை என்றால் பதற வேண்டாம்.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் போட்டுப் பார்த்தேன். 10 சதவீத எத்தனால் கலந்ததில் சக்தி 3 சதவீதம் குறைவு, மைலேஜும் ஏறக்குறைய அந்த அளவுக்கே கூடியது. விலை ஏற்றமோ அந்த 3 சதவீதத்தைவிடப் பல மடங்கு. புல் வெட்டும் மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த இன்ஜினுக்கு 87 ஆக்டேன் போதும் என்று கையேடே சொல்கிறது. பிரீமியம் போட்டு என் அன்றாட ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் அளவில் தெரியவில்லை.

நண்பரின் வீட்டுச் சாமானை ஹூஸ்டனுக்கு மூடிய பெட்டி ட்ரெய்லரில் இழுத்துப் போனபோது 10.2. ட்ரெய்லரின் எடையைவிட அதன் நெற்றிதான் காரணம். திறந்த ட்ரெய்லரில் அதே எடையை ஏற்றியிருந்தால் இவ்வளவு விழாது. இழுவைக்காக வண்டி வாங்குகிறவர்கள் ஸ்டிக்கர் எண்ணில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொண்டு, அடுத்த கேஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்கப்போகிறவர்கள் கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில். ஹைவேதான் முக்கியம் என்றால் 3.0 லிட்டர் டீசல். 2020 ஷெவர்லே சில்வராடோவில் டூ வீல் டிரைவுக்கு ஸ்டிக்கர் ஊருக்குள் 23, ஹைவேயில் 33, ஆனால் டீசல் விலையையும் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் டி.இ.எஃப். திரவத்தையும் கூட்டிப் பாருங்கள். ஊர் ஓட்டம்தான் என்றால் ஹைப்ரிட். 2021 எஃப்-150 ஹைப்ரிட் ஃபோர் வீல் டிரைவுக்கு ஊரிலும் 24, ஹைவேயிலும் 24. எஃப்-250, ராம் 2500 போன்ற ஹெவி டியூட்டி வண்டிகளுக்கு மைலேஜ் ஸ்டிக்கரே கிடையாது. வண்டியும் பாரமும் சேர்ந்து 8,500 பவுண்டுக்கு மேல் போகிற பிக்கப்புக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே ஓட்டுகிறவர்களின் ரசீதுதான் ஒரே ஆதாரம்.

கடைசியாக, பின்கதவு. டெயில்கேட்டை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தாராளமாகப் போகும் என்பது பல வருஷ நம்பிக்கை. மூடியிருக்கும்போது பின்னால் உள்ள சாமான் பெட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். இறக்கினால் அந்தச் சுழல் கலைந்துவிடும். உருட்டிப் பார்த்ததில் இறக்கியபோது நேரம் கூடவில்லை, ஒரு முறை குறைந்தே இருந்தது. பெட்டியை மூடும் டோனோ கவரும் வாங்கி மாட்டினேன். உருட்டும் நேரத்தில் கால் நொடிகூட ஏறவில்லை, டேங்க் கணக்கில் வந்தது பிழை எல்லைக்குள் போய்விட்டது. மளிகைப் பைகள் மழையில் நனையாமல் வீடு வந்து சேர்கின்றன, அதற்காகக் கவர் வண்டியிலேயே இருக்கிறது.